பெருந்தொற்று நாளில் கண் தெரியாதவருக்குத் துணையாக இருப்பது எப்படி?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இலங்கையில் ஊரடங்கு போட்டதும் எல்லோருக்கும் சொன்னது ஒன்றுதான்: எதையும் தொடாதே, ஒரு மீற்றர் தள்ளி நில். களுவாஞ்சிகுடியில் இருக்கும் எங்கள் மாமிக்குக் கண் தெரியாது, கதவு, படி, கடை மேசை எல்லாம் கையால் தடவித்தான் அவருக்குத் தெரியும், அவரிடம் போய்த் தொடாதே என்றால் எப்படி? தொடட்டும். கை கழுவ வழி செய்து கொடுங்கள். வாசலில் வாளியும் சவர்க்காரமும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், யாராவது அரை அடி நகர்த்தி வைத்தாலும் அவர் தேடித் தடுமாறுவார். வெளியே போய் வந்ததும் வெள்ளைப் பிரம்பை, முக்கியமாகக் கைபிடியை, சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள்.

கூட்டிக்கொண்டு போகும்போது முழங்கையைத்தானே கொடுப்போம்? ஆனால் முழங்கைக்குள்தான் இருமச் சொல்கிறார்கள். அதனால் தோளைப் பிடிக்கச் சொல்லுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றால் அங்கே ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது, "மாமி, நான் உங்கட வலப்பக்கம் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டு அப்புறம் கிட்டப் போங்கள். கடை வரிசைக்குத் தரையில் போட்ட கோடும் அவருக்கு உதவாது, முன்னால் நிற்பவர் நகர்ந்ததும் வாயால் சொல்லுங்கள்.

பிரஷர் குளிசைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் பட்டி, சீனி வருத்தக் குளிசைக்கு இரண்டு. மாமி அதைத் தடவிப் பார்த்தே எடுத்துவிடுவார்.

அன்ட்ராய்டு போன் என்றால் டோக்பேக்கைப் போட்டுக் கொடுங்கள், திரையில் உள்ளதை அது வாசிக்கும். கிராம சேவகரின் அறிவித்தலைப் படம் பிடித்து அனுப்பினால் பல நேரம் வாசிக்காது. நீங்களே வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள்.