ஜார்ஜிய விருந்தில் ஊர் ஒயின்களை அறிவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஜார்ஜியா என்றதும் நம்மில் பலருக்கு மருத்துவப் படிப்புதான் நினைவுக்கு வரும். அந்த நாட்டுக்காரர்களைக் கேட்டால் திராட்சையைச் சொல்வார்கள். அவர்களுக்கே உரிய ரகங்கள் 500க்கு மேல். தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே தோண்டியெடுத்த பானைச் சில்லுகளில் சுமார் 8,000 ஆண்டுப் பழமையான ஒயினின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இவ்வளவு இருந்தும் வெளிநாட்டுக் கடைகளில் சபெராவி, ர்க்கட்சித்தெலி போன்ற சில பெயர்களே கண்ணில் படும். மற்றவற்றைச் சுவைக்க நல்ல இடம் ‘சுப்ரா’ எனும் விருந்துதான்.

படி 1: காலம் பார்த்துப் போங்கள்

செப்டம்பர், அக்டோபரில் கிழக்கே காகெதி மாகாணத்தில் ‘ர்த்வேலி’, அதாவது திராட்சை அறுவடை. ஊரில் தங்குமிடம் நடத்தும் குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால் பகலில் தோட்டத்தில் பழம் பறிக்கலாம், இரவில் பந்தியில் உட்காரலாம். அது முடியாதவர்களுக்கு, வசந்தத்தின் கடைசியில் திபிலிசியில் நடக்கும் புது ஒயின் திருவிழா இருக்கிறது. சிறு குடும்பத் தயாரிப்பாளர்கள் அங்கே தாங்களே ஊற்றிக்கொடுப்பார்கள்.

படி 2: முதலில் சாப்பிடுங்கள்

வெறும் வயிற்றில் தொடங்கவே வேண்டாம். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஹாச்சபுரி ரொட்டியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். சுப்ரா மணிக்கணக்கில் நீளும்.

படி 3: ‘தமதா’வைக் கவனியுங்கள்

பந்திக்குத் தலைமை தாங்குபவர் தமதா. அமைதிக்காக, மறைந்தவர்களுக்காக, பிள்ளைகளுக்காக என்று ஒவ்வொன்றாக அவர் வாழ்த்துரை சொல்வார். அவர் பேசி முடித்து, எல்லோரும் ‘காவ்மார்ஜோஸ்’ என்ற பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போக வேண்டும். நடுவில் தனியாகக் குடிப்பது மரியாதை இல்லை. இது புதியவருக்கு ரொம்பவே வசதி: வேகம் தானாகக் குறையும், வாய்க்கு இடைவெளி கிடைக்கும். சிலர் ஒரே மூச்சில் காலி செய்வார்கள். விருந்தாளி ஒரு வாய் குடித்தாலே போதும். பேச்சு மொழிபெயர்ப்பில் வந்தாலும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

படி 4: மஞ்சள் ஒயினை அக்ரூட்டோடு சுவையுங்கள்

நான் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான். காகெதியில் வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து சாறு, தோல், விதை, பல நேரம் காம்பு வரை எல்லாவற்றையும் ‘க்வெவ்ரி’ என்ற பெரிய மண்தாழியில் இடுகிறார்கள். உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழி அது. இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தோலோடு ஐந்தாறு மாதம் கிடப்பதால் நிறம் பொன்மஞ்சளாகிவிடும். நாக்கில் பால் சேர்க்காத கடுந்தேநீர் போலத் துவர்க்கும். தனியாகக் குடித்தால் பலருக்கு முதல் வாயிலேயே முகம் சுளிக்கும்.

இப்போது ‘பத்ரிஜானி’யை எடுங்கள். நீளவாக்கில் சீவி எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய். உள்ளே அக்ரூட், பூண்டு, கொத்தமல்லி சேர்த்து அரைத்த விழுது. மேலே மாதுளை முத்துகள். ஒரு கடி, பிறகு ஒரு வாய் ஒயின். அக்ரூட்டின் எண்ணெய்ப்பசையைத் துவர்ப்பு துடைத்துவிடும். துவர்ப்பின் கூர்மையை அக்ரூட் மழுக்கிவிடும். அப்போதுதான் உலர்ந்த சர்க்கரைப்பாதாமி வாசனை மேலே வரும். கிசி, ஹிஹ்வி என்ற காகெதி ரகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். ஒயின் ரொம்பக் குளிர்ந்திருந்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும், சற்று நேரம் மேசையிலேயே விட்டுவையுங்கள்.

திராட்சைக் கொடிச் சுள்ளி எரித்த தணலில் வாட்டிய ‘ம்த்ஸ்வாதி’ இறைச்சி வந்தால், அதற்குச் சிவப்புச் சபெராவி. அதன் பழச்சதையே சிவப்பு, ஒயின் கருஞ்சிவப்பாக இருக்கும்.

படி 5: மேற்கே போங்கள்

இமெரெதியில் தாழிக்குள் தோலைக் குறைவாகவே சேர்ப்பார்கள். அதனால் அங்கத்திய சோலிகௌரி, க்ரகூனா ஒயின்கள் இலேசாக, புளிப்புத் துடிப்போடு இருக்கும். துவர்ப்பு பிடிக்காதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். சமெக்ரெலோ போனால் காரம்: மிளகாயும் பூண்டும் இடித்த ‘அஜிகா’ நம் நாக்குக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். அவ்வூர்ச் சிவப்பு ரகம் ஒஜலேஷி. அந்தக் கொடியை முன்பெல்லாம் மரங்களில்தான் ஏற்றிவிடுவார்கள்.

படி 6: மூன்று கேள்வி கேளுங்கள்

என்ன திராட்சை? எந்த ஊர்? தாழியில் தோலோடு எத்தனை நாள்? பதிலைக் கைபேசியில் குறித்து, கூடவே என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதிவையுங்கள்.

கிளம்பும்போது வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஒயின் நிரப்பிக் கொடுத்தால் அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது வெகுநாள் தாங்காது. குளிரில் வைத்து இரண்டொரு நாளில் முடித்துவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவர, ரகமும் ஊரும் ‘க்வெவ்ரி’ என்ற சொல்லும் லேபிளில் அச்சிட்ட மூடி முத்திரையிட்ட கண்ணாடி பாட்டிலாகக் கடையில் வாங்குங்கள்.