கடலோர மழையை வேலூரில் இருந்தபடி எழுதுவது எப்படி?

நான் குடியிருப்பது காட்பாடியில். என் நாவல் நடப்பது கடலூர்த் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவில். கடலிலிருந்து தள்ளி வாழ்ந்துகொண்டு கடலோர மழைக்காலத்தை எழுத நினைப்பவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

எழுத உட்காரும் முன் மழையின் மாதத்தைச் சரிபாருங்கள். வேலூரில் நமக்கு ஆடி, ஆவணியிலேயே சாயங்காலத்தில் இடியோடு நல்ல மழை பெய்துவிடும். கடலூர், நாகப்பட்டினம் பக்கம் அப்படியில்லை. அங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. இது புரியாமல் என் முதல் வரைவில் ஆடி மாதத்துக் கடலூரில் ஒரு வாரம் அடைமழை பெய்ய வைத்திருந்தேன். அந்த ஊரிலேயே வாழும் என் சித்தி படித்துவிட்டு, “ஆடியில் எங்களுக்கு ஏது அடைமழை?” என்று கேட்டார். அத்தியாயத்தை ஐப்பசிக்கு நகர்த்தினேன். நகர்த்தியதும் தீபாவளி கதைக்குள் வந்துவிட்டது. கடன் வாங்கிப் பட்டாசுக்கடை போட்ட ஒருவனின் சரக்கு மொத்தமும் நமுத்துப்போனது. நாவலின் பாதிக் கதை அந்தக் கடனிலிருந்துதான் பிறந்தது.

நேரமும் முக்கியம். இந்தப் பருவத்தில் கடலோரத்தில் மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும். அதனால் என் பாத்திரங்கள் சாயங்காலம் குடை விரிப்பதைவிட, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒழுகும் இடத்தில் குண்டான் வைப்பதையே அதிகம் எழுதுகிறேன்.

அடுத்தது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான வேலை. வரைவில் ‘மழை பெய்தது’ என்று வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிட்டு, அந்த மழை வீட்டில் எந்தப் பொருளைத் தொட்டது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். சித்தி வீட்டு அடுப்படியைப் பல நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கார்த்திகையில் கல் உப்பு ஜாடியின் அடியில் நீர் தேங்கி நிற்கும். சித்தி ஜாடியைச் சாய்த்து அந்த நீரைக் குழம்பில் விட்டுவிட்டு, பிறகு போடும் உப்பைக் கையளவில் குறைத்துக்கொள்வார். தீப்பெட்டி அரிசிப் பானைக்குள் புதைந்திருக்கும். வெளியே எடுத்தால் அதன் பக்கவாட்டில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டு வரும். கொல்லைக் கதவின் மரம் ஊதி, நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளால் இடித்தால்தான் திறக்கும். துணி மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பதால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் சட்டையில் புகை வாசம் வீசும். இவற்றை எழுதிவிட்டால், மழை என்ற சொல் இல்லாமலேயே அந்தப் பக்கம் ஈரமாகிவிடுகிறது.

ஊரார் பேசும் சொற்களைச் சேகரியுங்கள். வடக்கிலிருந்து வீசினால் வாடை, கிழக்கிலிருந்து வீசினால் கொண்டல். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை உண்டு. முதல் இரண்டும் புயல் தொலைவில் இருப்பதைக் குறிப்பவை. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிஜமான புயலைக் கதையில் வைத்தால், அடுத்த ஐந்து ஆண்டுகளையும் சேர்த்து யோசியுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. கூரையை ஒரு மாதத்தில் வேய்ந்துவிடலாம். புதிதாக நட்ட பலா காய்க்கும்வரை அந்தக் குடும்பம் எதை வைத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யும்? புயல் நாவலின் கதை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வேலூர் மழையிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? குளிரையும் ஓசையையும் தாராளமாக எடுக்கலாம். 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் என் மாடியில் நின்று, தகரக் கூரையில் மழை விழும் ஓசை மாறிமாறிக் கேட்பதைக் குறித்துவைத்தேன். அது அப்படியே நாவலில் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது பாலத்தில் நின்று பார்த்த முகங்களையும் எடுத்துக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் மணலாகவே பார்த்த ஆற்றில் வெள்ளத்தைப் பார்க்கும் முகங்கள் அவை. வாசனையை மட்டும் எடுக்காதீர்கள். இங்கே மழை வந்தால் பாறையும் மண்ணும் மணக்கும். அங்கே கருவாடும் படகுத் தாரும் உப்பும் மணக்கும்.

அதற்காக ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்த்தான் ஆகவேண்டும். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம்வரை ரயில், அங்கிருந்து பஸ். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். அதில் ஓர் இரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை விழித்திருங்கள். பென்சிலில் எழுதுங்கள். ஒருமுறை பஸ் ஜன்னலில் ஒழுகிய நீரில் என் மைப்பேனாக் குறிப்புகள் பதினோரு பக்கம் நீலக் கறையாகிவிட்டன. பென்சில் எழுத்து நனைந்தாலும் கலையாது. நோட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி வையுங்கள்.

போக முடியாத நாட்களில் தொலைபேசி இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் தினமும் காலை ஐந்தரைக்குச் சித்தியை அழைப்பேன். இன்று வீட்டில் எது நனைந்தது என்ற ஒரே கேள்விதான். நேற்று உப்பு கசிய ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். கொல்லைக் கதவு இன்னும் இறுகவில்லையாம். அது இறுகும்வரை பதினான்காம் அத்தியாயத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.