மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கார்: ஏழு சீட் என்ற எண்ணை நம்பி வாங்கும் தவறுகள்

மூன்றாவது குழந்தை பிறந்ததும் பல வீடுகளில் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "இனி இந்த வண்டி பத்தாது, ஏழு சீட்டாகப் பார்த்துவிடலாம்." நினைப்பில் தப்பில்லை. ஆனால் ஏழு என்பது விளம்பரத்தாளில் இருக்கும் எண். அந்த ஏழில் எத்தனை இடத்தில் பிள்ளையை ஒழுங்காகப் பெல்ட் போட்டு உட்காரவைக்க முடியும், எல்லோரும் உட்கார்ந்த பிறகு பெட்டி வைக்க எவ்வளவு இடம் மிஞ்சும், முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி எந்தக் கதவு வழியாக ஏறுவார் என்பதையெல்லாம் அந்த எண் சொல்வதில்லை.

அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே ஒரு தாளில் யார் எங்கே உட்காருவார்கள் என்று எழுதிவிடுங்கள். வீட்டில் ஒரு வயது, ஐந்து வயது, ஒன்பது வயது என்று மூன்று பிள்ளைகள், கூடவே ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஓட்டுகிறார். பாட்டிக்கு ஏறி இறங்க எளிதானது முன்சீட். கைக்குழந்தைக்கு இரண்டாவது வரிசையில் தனி இருக்கை, பக்கத்தில் அம்மா. மிச்சம் இரண்டு பேரில் ஒருவருக்கு இரண்டாவது வரிசையில் இடம் உண்டு, இன்னொருவர் பின்னால் போக வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தாலே பாதி மாடல்கள் தானாகக் கழிந்துவிடும். பெரும்பாலானோர் வண்டியைப் பிடித்துப்போய் முன்பணம் கட்டிய பிறகுதான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

"மூணும் சின்னதுதானே, பின்சீட்டில் அடங்கிவிடும்"

ஐந்து சீட் வண்டியிலேயே சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது பின்சீட்டின் அகலத்தை. குழந்தைகளுக்கான கார் சீட் ஒன்று சுமார் 45 செ.மீ. அகலம் இருக்கும். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 135 செ.மீ. ஆகிறது. காரின் வெளி அகலம் 175 செ.மீ. இருந்தாலும், இரண்டு பக்கக் கதவுகளின் தடிமனையும் கைதாங்கிகளையும் கழித்தால் உள்ளே கிடைப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூன்றையும் திணித்து வைத்தாலும் பெல்ட்டின் கொக்கி இரண்டு சீட்டுக்கு நடுவே புதைந்துபோகும். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதற்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

இன்னொன்று, கார் சீட்டை வண்டியின் உடலோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இரண்டாவது வரிசையின் இரு ஓரங்களில் மட்டும்தான் இருக்கின்றன. நடுவில் கிடையாது. அங்கே வைக்கும் சீட்டைப் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும், பழைய மாடல்கள் சிலவற்றில் நடுவில் இருப்பது இடுப்புப் பெல்ட் மட்டுமே. பூஸ்டர் சீட்டில், அதாவது பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கையில், உட்காரும் பிள்ளைக்கு இடுப்புப் பெல்ட் மட்டும் போதாது, தோளையும் பிடிக்கும் மூன்றுமுனைப் பெல்ட் வேண்டும்.

மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். வண்டி வேகமாகப் போய் மோதினால் பத்து கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. சட்டமும் இதைச் சொல்கிறது: 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். நம் சாலைகளில் இதற்காக நிறுத்துபவர்கள் குறைவு என்பது வேறு கதை.

பெஞ்சா, கேப்டன் சீட்டா

இரண்டாவது வரிசையில் நீளமான பெஞ்ச் சீட் இருந்தால் ஏழு பேர், தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட் இருந்தால் ஆறு பேர். கேப்டன் சீட் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஷோரூமில் மனம் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாட்டி, தாத்தா அடிக்கடி கூட வரும் வீட்டுக்கு ஒரு சீட் குறைவது பெரிய இழப்பு. மூன்று பிள்ளைகளில் இருவரைப் பின்வரிசைக்கு அனுப்பினால்தான் பெரியவர்களுக்கு இடம் கிடைக்கும்.

அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் மட்டும் என்றால் கணக்கு தலைகீழ். கேப்டன் சீட்டுகளுக்கு நடுவே நடைவழி உண்டு. இரண்டு சின்னப் பிள்ளைகளின் கார் சீட்டுகளும் நிரந்தரமாகப் பூட்டியே இருக்கலாம், மூத்தவன் நடுவழியாகப் புகுந்து பின்னால் போய்விடுவான். எதையும் கழற்றி மாட்ட வேண்டாம்.

பெஞ்ச் சீட்டில் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்றாவது வரிசைக்குப் போக இரண்டாவது வரிசையின் ஒரு பகுதியை மடித்துத் தள்ள வேண்டும். பல வண்டிகளில் அப்படிக் கவிழ்ந்து வழிவிடும் சீட் நடைபாதைப் பக்கம், அதாவது இடது பக்கம், அமைந்திருக்கிறது. அந்தச் சீட்டிலேயே குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் அது மடியாது. பின்வரிசை அடைபட்டுவிடும், ஏழு சீட் வண்டி அன்றிலிருந்து ஐந்து சீட் வண்டிதான். நிரந்தரமாகப் பூட்டும் இருக்கையை ஓட்டுநருக்குப் பின்னால், வலது பக்கம் வையுங்கள். அதில் ஒரு சங்கடமும் உண்டு: வலது கதவைத் திறந்தால் போக்குவரத்து. கடைவீதியில் நிறுத்தும்போது இடது கதவு வழியாக ஏறி, உள்ளிருந்தபடியே குழந்தையை அமர்த்தப் பழக வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே, எந்தப் பக்கச் சீட் கவிழ்கிறது, இரண்டு பக்கமும் கவிழுமா என்று பார்த்துவிட்டால் இந்தத் தலைவலியில் பாதி குறையும்.

டிக்கியை மூன்று வரிசையும் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்

விற்பவர்கள் டிக்கியைத் திறந்து காட்டும்போது மூன்றாவது வரிசை மடிந்தே கிடக்கும். பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். சீட்டை நிமிர்த்தச் சொல்லுங்கள்.

ரெனோ டிரைபரில் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர், இரண்டு பள்ளிப்பை அளவு. மூன்றாவது வரிசையைக் கழற்றி எடுத்துவிட்டால் 625 லிட்டர். மாருதி எர்டிகாவில் மூன்று வரிசையும் இருக்க 209 லிட்டர், மூன்றாவதை மடித்தால் 550. கியா கேரன்ஸில் 216. டொயோட்டா ஹைகிராஸில் சுமார் 300. நான்கு மீட்டருக்குள் ஏழு சீட்டை அடக்கிய டிரைபரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை, அந்த விலைக்கு அது நல்ல வித்தைதான். ஆனால் பொங்கலுக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஐந்து பேர் நான்கு நாள் துணியோடு கிளம்பி, திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு வரும் வீடு என்றால் 84 லிட்டர் எந்த மூலைக்கு?

மூன்று பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு வழி உண்டு. மூன்றாவது வரிசை 50:50 என்று இரண்டாகப் பிரிந்து மடியும் வண்டியாக எடுத்தால், ஒரு பாதியில் மூத்த பிள்ளை, மறு பாதியை மடித்துப் பெட்டிகள். பெட்டியை மட்டும் நன்றாகக் கட்டி வையுங்கள். திடீர் பிரேக்கில் அது பக்கத்தில் இருக்கும் பிள்ளை மேல் வந்து விழும்.

சிஎன்ஜி பார்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: எர்டிகா சிஎன்ஜியில் சிலிண்டர் இருப்பது மூன்றாவது வரிசைக்குப் பின்னால், டிக்கியில். எரிபொருள் செலவில் மிச்சமாகும், பெட்டிக்கு இடம் போய்விடும்.

பின்வரிசையில் நீங்களே போய் உட்காருங்கள்

மூன்றாவது வரிசையின் ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட எல்லா வண்டிகளிலும் திறக்காது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில், ஏசி காற்று பின்வரிசைக்கு வந்து சேரும் வரை பிள்ளை வெந்துபோகும். அந்த வரிசைக்கென்று தனி வென்ட் இருக்கிறதா, ஃபேன் வேகத்தைத் தனியாகக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். தலைதாங்கி மேலே ஏறுகிறதா, ஜன்னலோரமாகத் திரைபோல விரியும் பக்கவாட்டு ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை நீள்கிறதா என்று கேளுங்கள். "ஆறு ஏர்பேக் சார்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

மலையேறும்போது வாந்தி எடுக்கும் பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பவே கூடாது. அந்த இருக்கை பின்சக்கரத்தின் மேலோ அதைத் தாண்டியோ இருப்பதால் ஆட்டம் அதிகம், முன்னால் சாலையும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அங்கே உட்கார்ந்து கடந்துவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிடும் பிள்ளைகள் குறைவு.

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் ஒருவர் மட்டும் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. மூன்று பிள்ளைகளையும், கையில் இருக்கும் கார் சீட்டையும், குழந்தையின் மடக்கும் தள்ளுவண்டியையும் கொண்டுபோங்கள். ஷோரூமில் ஒரு சின்ன வித்தை நடக்கும். மூன்றாவது வரிசையைக் காட்டும்போது இரண்டாவது வரிசையை முன்னால் தள்ளிவைப்பார்கள், இரண்டாவதைக் காட்டும்போது பின்னால் இழுத்துவிடுவார்கள். இரண்டிலும் கால் வைக்கத் தாராளமாக இடம் இருப்பதுபோலத் தோன்றும். ஓட்டுபவர் தன் வசதிக்கு முன்சீட்டை வைத்துக்கொள்ளட்டும். பிறகு அம்மா இரண்டாவது வரிசையை வைத்துக்கொள்ளட்டும். எதையும் நகர்த்தாமல் மூத்த பிள்ளை பின்னால் போய் உட்காரட்டும். அப்போது தெரிவதுதான் உண்மையான இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்றே வருடத்தில் அப்பா உயரத்துக்கு வந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நட்சத்திரக் கணக்கு

விபத்துச் சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண். விளம்பரத்தில் பெரிதாக வருவது முதலாவதுதான். 2021இல் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பின் விபத்துச் சோதனையில் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு டிரைபருக்குக் கிடைத்தது 4, 3. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்ற விபத்துச் சோதனை நடக்கிறது. அதில் குழந்தைப் பகுதிக்கு 49 மதிப்பெண், 18 மாதக் குழந்தை, 3 வயதுக் குழந்தை அளவிலான இரண்டு பொம்மைகளை உட்காரவைத்துச் சோதிக்கிறார்கள். அவை இருப்பது இரண்டாவது வரிசையில். ஆகவே எத்தனை நட்சத்திரம் வாங்கிய வண்டியானாலும் மிகச் சின்னப் பிள்ளைக்கு இரண்டாவது வரிசைதான்.

நல்ல நட்சத்திரம் வாங்கிய வண்டியை வீட்டுக்கு வந்ததும் கெடுக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அதுதான் சீட் கவர். முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டிக்கு, முழுவதும் மூடித் தைத்த கவரைப் போட்டால் ஏர்பேக் வெளியே வர வழியில்லை. பின்சீட்டில் அதே கவர் ஐசோஃபிக்ஸ் கொக்கியையும் மூடிவிடும். பிள்ளைகள் பாலைக் கொட்டுவார்கள், கவர் இல்லாமல் முடியாது என்பது நியாயம்தான். ஏர்பேக் பக்கம் திறந்திருக்கும் கவரைக் கேட்டு வாங்குங்கள்.

விலை

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. டிரைபர் முதல் வகை, எர்டிகா, கேரன்ஸ் எல்லாம் இரண்டாம் வகை. இது ஷோரூம் விலையிலேயே சேர்ந்துவிடும். தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டியது சாலை வரி: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கும் மேலே போனால் 20. 9.90 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சம் வண்டிக்குச் சுமார் 1.82 லட்சம். விலையில் 20 ஆயிரம் ஏறினால் வரியில் 53 ஆயிரம் ஏறுகிறது. சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேலே போகும் முன் இதைப் பாருங்கள். அந்தப் பணத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் நல்ல கார் சீட் வாங்கிவிடலாம்.

பழைய வண்டி என்றால்

எர்டிகாவும் இன்னோவாவும் டாக்சிக்கு அதிகம் ஓடும் வண்டிகள். மஞ்சள் போர்டில் ஓடியதை வெள்ளை போர்டாக மாற்றி விற்பதும் உண்டு. மாற்றுவது தப்பில்லை, அதை மறைத்து ஓன் போர்டு விலைக்கு விற்பதுதான் பிரச்சினை. வண்டி முதலில் எந்த வகையில் பதிவானது என்று ஆர்டிஓ பதிவில் பார்த்துவிடுங்கள். மீட்டர் குறைவாகக் காட்டினாலும் தேய்ந்த பெடல் ரப்பரும் தொய்ந்த இரண்டாவது வரிசையும் உண்மையைச் சொல்லிவிடும்.

அப்புறம் ஏழு பெல்ட்டையும் ஒவ்வொன்றாக இழுத்து, கொக்கியில் மாட்டிப் பாருங்கள். பின்வரிசைக் கொக்கிகள் சீட்டுக்கு அடியில் விழுந்து, வருடக்கணக்கில் யாரும் தொடாமல் மண்ணேறிக் கிடக்கும். ஒன்று சிக்கினாலும், மாற்றிக் கொடுத்த பிறகுதான் மீதிப் பணம் என்று சொல்லிவிடுங்கள்.