40 பேர் பட்டியலைப் பார்த்துவிட்டு ட்ரேட் பேசுங்கள்

நம் கணினி பேஸ்பால் லீக்கில் புதிதாக அணி எடுத்தவர்கள் முதல் வாரம் யாரையும் ட்ரேட் (வேறு அணியோடு ஆள் மாற்றிக்கொள்வது) செய்ய வேண்டாம். யார் நன்றாக அடிக்கிறான், யார் வேகமாக எறிகிறான் என்பதை நாம் ஆடும் 'அவுட் ஆஃப் த பார்க்' என்ற கணினி விளையாட்டே 20 முதல் 80 வரையிலான எண்ணில் காட்டிவிடும். பலர் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு இளம் ஆட்டக்காரனை எதுவரை தொல்லையில்லாமல் நம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்ற கெடுவைப் பார்ப்பதில்லை. ட்ரேட் விலையும் வெய்வர் (நாம் விடும் ஆளை மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்வது) ஆபத்தும் அந்தக் கெடுவிலிருந்துதான் பிறக்கின்றன.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் அணிக்கும் ஒரு நீள நோட்டு உண்டு. ஆளுக்கு ஒரு வரி: பெயர், ஒப்பந்தம் போட்டபோது வயது, ரூல் 5 வருடம் (காப்பாற்றாவிட்டால் வேறு அணி எடுத்துவிடக்கூடிய வருடம்), மிச்சமுள்ள ஆப்ஷன் (இன்னும் எத்தனை வருடம் கீழே அனுப்பலாம்). சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் போகும்போதே அதைப் புரட்டி, யாரை எப்போது விற்பது என்று முடிவு செய்துவிடுவேன். நீங்கள் எக்செல்லில் போட்டாலும் சரி, இந்த நான்கு விவரமும் கட்டாயம் வேண்டும்.

நாம் வைத்திருப்பது அமெரிக்க மேஜர் லீக் விதிகள்தான். களத்துக்கு 26 பேர், செப்டம்பரில் 28. இவர்களையும் சேர்த்து, காப்பாற்றப்பட்டவர்கள் பட்டியலில் 40 பேர். அந்த 40-க்குள் வந்த ஒருவனை மைனர் லீக்குக்கு, அதாவது கீழ்நிலை அணிக்கு, அனுப்பினால் அது ஆப்ஷன். ஒரு சீசனில் 20 நாளாவது அங்கே இருந்தால் ஒரு ஆப்ஷன் வருடம் தீர்ந்தது என்று கணக்கு. பொதுவாக மூன்று வருடம்தான் கிடைக்கும். அதன்பிறகு அவனைக் கீழே அனுப்ப வேண்டுமானால் வெய்வரில் போட்டே ஆக வேண்டும். மற்ற அணிகளில் எது வேண்டுமானாலும் அவனைக் கேட்கலாம்.

40-க்கு வெளியே இருப்பவனுக்கும் கெடு உண்டு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவனுக்கு ஐந்து சீசன், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு. 2022 டிராஃப்டில் (அணிகள் முறைபோட்டு ஆள் எடுக்கும் தேர்வு) கல்லூரியிலிருந்து வந்தவனை 2025 நவம்பருக்குள் 40-இல் சேர்க்காவிட்டால், டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி 1,00,000 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அதே வருடம் பள்ளியிலிருந்து 18 வயதில் வந்தவனுக்கு 2026 வரை நேரம் இருக்கிறது. எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவனை 26-க்குள் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய அணிக்கே 50,000 டாலருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். இந்த விதியை லேசாக எண்ணாதீர்கள். ராபர்ட்டோ கிளெமென்டேவை 1954-இல் டாட்ஜர்ஸிடமிருந்து பைரேட்ஸ் இந்த வகை டிராஃப்டில்தான் எடுத்தது. அவர் 3,000 ஹிட் அடித்தார்.

ஆக, ட்ரேட் பேசச் சிறந்த மாதம் நவம்பர். ஜூலைக் கடைசியில் ட்ரேட் டெட்லைன் வரும்போது எல்லோரும் பரபரப்பாகப் பேசுவார்கள், விலையும் ஏறிக் கிடக்கும். நவம்பரில் நிலைமை வேறு. 60 நாள் காயப் பட்டியலில் இருந்தவர்கள் 40-இல் கணக்கில்லை; சீசனின் இறுதியான உலகத் தொடர் முடிந்ததும் அவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதே நேரம் ரூல் 5 பையன்களுக்கும் இடம் தேட வேண்டும். நன்றாக இளைஞர்களை வளர்த்த அணிக்குத்தான் நெருக்கடி அதிகம். இரண்டே இடம் இருக்க, காப்பாற்ற வேண்டியவர்கள் ஐந்து பேர் என்றால் அந்த மேனேஜர் இறங்கி வருவார். உங்கள் 40-இல் நாலு இடத்தைக் காலி செய்துகொண்டு போய்ப் பேசுங்கள். பதிலுக்கு 19 வயது, இன்னும் மூன்று வருடம் கெடு உள்ள பையன்களைக் கொடுங்கள். அவருக்கு இடம் மிஞ்சும், உங்களுக்கு நாளைக்கே ஆடத் தயாரானவன் கிடைப்பான். இருவரும் மனதோடு ஒத்துக்கொள்ளும் ட்ரேட் இதுதான். குடியாத்தம் தம்பியின் அணியில் இன்று இரண்டாம் பேஸில் நிற்பவன் அப்படி வந்தவன்.

பொய்கைச் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல் யாரும் விலை சொல்வதில்லை. இங்கும் வயதும் கெடுவும்தான் முதலில். எதிர்காலம் 60 என்று காட்டும் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஒரு ஆப்ஷன்தான் மிச்சம், இன்றைய எண் 35 என்றால், அவனை இப்போதே விற்றுவிடுங்கள். அடுத்த மார்ச்சில் அவனைக் கேட்க ஆள் இருக்காது. எப்படியும் வெய்வரில் விழுவான் என்று காத்திருப்பார்கள். எதிர்காலம் 50-தான், ஆனால் மூன்று ஆப்ஷனும் அப்படியே இருக்கிற கேட்சரை நான் அவனைவிட உயர்வாக மதிப்பேன். பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: 20 வயதுக்கு உட்பட்ட பிட்சரை ஒரு ட்ரேடின் முக்கியச் சரக்காக வாங்கவே மாட்டேன். முழங்கை அறுவை ஒன்று வந்தால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும், கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்காக இளைஞர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. 1987-இல் டெட்ராய்ட், டாயில் அலெக்ஸாண்டர் என்ற பிட்சருக்காக அட்லான்டாவுக்கு ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இளம் பிட்சரைக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் பிறகு ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் சாதனையாளர் அரங்கம்) வரை போனார், எல்லோரும் டெட்ராய்டைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அலெக்ஸாண்டர் ஒரு தோல்விகூட இல்லாமல் 9 வெற்றி பெற்றார், டெட்ராய்ட் தன் பிரிவை வென்றது. பிரிவில் முதலிடத்துக்கு ஒரு அணி மோதும்போது கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. நான்காம் இடத்தில் இருந்துகொண்டு கொடுப்பதுதான் தப்பு.

இனி வெய்வர். ஒருவனை 40-இலிருந்து விடுவித்தால் அவன் இடம் அந்தக் கணமே காலி. ஏழு நாளுக்குள் அவனை ட்ரேட் செய்ய வேண்டும், அல்லது வெய்வரில் போட வேண்டும். கேட்பவர்களில் வெற்றி வரிசையில் கீழே இருக்கும் அணிக்குத்தான் முதல் உரிமை. இதிலிருந்து இரண்டு வழி பிரிகிறது. உங்கள் அணி கடைசி வரிசையில் இருந்தால் வாய் திறக்காதீர்கள். அவன் வெய்வருக்கு வரட்டும், சும்மாவே கிடைப்பான். மேலே இருந்தால் வெய்வரில் உங்கள் முறை வராது. விடுவித்த அன்றே அந்த மேனேஜருக்கு எழுதி, 40-க்கு வெளியே உள்ள ஒரு சின்னப் பையனைத் தருகிறேன் என்று சொல்லுங்கள். சும்மா போவதற்கு ஏதோ ஒன்று கிடைக்கட்டும் என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கேட்பதற்கு முன் 40-இல் ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும். அவன் சம்பளமும் உங்கள் தலையில்தான். ரூல் 5 கட்டுப்பாடு இருந்தால் அதுவும் கூடவே வரும். ஹோஸே பாட்டிஸ்டாவை ஓரியோல்ஸ் பிட்ஸ்பர்கிடமிருந்து ரூல் 5-இல் எடுத்து, 2004-இல் வெய்வரில் விட, டாம்பா பே பிடித்தது. அந்த ஒரே வருடத்தில் கான்சாஸ் சிட்டி, நியூயார்க் மெட்ஸ் வழியாக மறுபடி பிட்ஸ்பர்குக்கே வந்து சேர்ந்தார். 2010-இல் டொரான்டோவுக்காக 54 ஹோம் ரன் அடித்தார். வெய்வரில் வந்தவன் என்று யாரையும் ஒதுக்காதீர்கள், வயதையும் கெடுவையும் பார்த்து முடிவெடுங்கள்.

மார்ச் கடைசி வாரம் தினமும் வெய்வர் பட்டியலைப் பாருங்கள். ஆப்ஷன் தீர்ந்து 26-க்குள் இடம் கிடைக்காதவர்கள் அப்போதுதான் குவிவார்கள். சீசன் தொடங்கி முதல் 30 நாள் வரை போன வருட வரிசைதான் செல்லும் என்பதால், போன வருடம் கடைசியாக வந்தவர்களுக்கு அது பொன்னான காலம்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் இருந்து நம் லீக்கை நடத்தும் கமிஷனர் அண்ணன் இரவு 9 மணிக்கு ஆட்டத்தை ஓட்டுகிறார். நமக்கு அது காலை 6.30. நவம்பர் முதல் வாரம் அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் 7.30 ஆகும், மார்ச்சில் மறுபடி 6.30. விடிந்து செய்துகொள்ளலாம் என்று விடாமல், வெய்வர் கோரிக்கையை முந்தின இரவே அனுப்பிவிடுங்கள்.