மலை உச்சியில் ஹாம் ரேடியோ: பையைக் கட்டும்போதே தொடங்கும் தவறுகள்

சும்மா மலை ஏறுகிறவர் உச்சியில் பத்து நிமிடம் நிற்பார். ஒரு போட்டோ, ஒரு வாய் டீ, இறங்கிவிடுவார். ஹாம் ரேடியோவோடு, அதாவது பொழுதுபோக்காக மற்ற ரேடியோக்காரர்களோடு பேசும் கருவியோடு ஏறுகிறவர் அதே காற்றில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுக் கிளம்புவதால்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

விளையாட்டின் பெயர் சம்மிட்ஸ் ஆன் தி ஏர், சுருக்கமாக சோட்டா. பெயரைக் கேட்டுச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது. பட்டியலில் உள்ள ஒரு மலையில் ஏறி, உச்சியிலிருந்து குறைந்தது நாலு வேறு வேறு நிலையங்களோடு பேசினால் அந்த மலைக்குரிய புள்ளி கிடைக்கும். நான் அடிக்கடி போவது வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் என்பதால், 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெலின் மலையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சுமார் 750 மீட்டர் கீழே, கார் நிறுத்துமிடத்தில் 10 டிகிரி இருந்தால் ஹெல்வெலின் உச்சியில் 5 டிகிரி, அதற்கு மேல் காற்று. ஏறும்போது வேர்த்து பனியன் நனைந்திருக்கும். உச்சிக்கு வந்ததும் ஆர்வத்தில் உடனே ஆண்டெனா கம்பியை விரிக்க ஆரம்பிப்போம். இருபது நிமிடம் கழித்து விரல் மரத்துப்போய், கனெக்டரைத் திருகக்கூட முடியாது. வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தடிமனான ஜாக்கெட், தொப்பி, அடியில் போட ஒரு ஃபோம் பாய். அப்புறம்தான் கம்பி. ஃபோம் பாயைச் சுமை என்று விட்டுவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரப் பாறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள் அடுத்த முறை அதை விட்டுவிட்டு வருவதில்லை.

வீட்டில் ஒத்திகை பார்க்காமல் போவது அடுத்த தவறு. ஒரு முறை ஹெல்வெலின் உச்சியில் கம்பம் நட்டு, 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் 40 மீட்டர் உள்ள அலைவரிசைகள்) அதில் பாதியாக இருபது மீட்டர் கம்பியை இழுத்துக் கட்டி, பேட்டரியை மாட்டி, கையை நீட்டினேன். மைக் இல்லை. அது வீட்டுச் சமையலறை மேஜையில் இருந்தது. கல்யாண சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை. பையின் அடியில் கிடந்த கைரேடியோ காப்பாற்றியது. அன்றிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் தோட்டத்தில், கையுறை போட்டுக்கொண்டு, மொத்தத்தையும் ஒரு முறை விரித்துப் பேசிப் பார்த்துவிட்டு அப்படியே பையில் போடுகிறேன். பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், பால்பாயின்ட் பேனா நனைந்த தாளில் எழுதாது.

திசைகாட்டி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கைரேடியோவைத் தோள்பட்டை வாரிலும் திசைகாட்டியைப் பக்கத்திலேயே மார்பிலும் மாட்டிக்கொள்வது பலரின் பழக்கம். ரேடியோவின் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. அருகில் இருந்தால் முள் விலகும். நாள் கணக்கில் ஒரே பையில் ஒட்டிக் கிடந்தால் முள்ளின் முனைகளே தலைகீழாக மாறிவிடக்கூடும், வடக்கு தெற்காகும். ஹெல்வெலினில் இது விளையாட்டல்ல. மேற்கே தேர்ல்மியர் ஏரிப் பக்கம் சரிவு ஓரளவு சாது. கிழக்கே ரெட் டார்ன் ஏரியை நோக்கிச் செங்குத்துப் பாறை. மூடுபனியில் நாலடி தெரியாத நேரத்தில் மேற்கு என்று நம்பிக் கிழக்கே நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோ, செல்போன் இரண்டும் ஒரு பக்கம், திசைகாட்டி மறுபக்கம். கிளம்பும் முன் சூரியனையோ தெரிந்த சாலையையோ வைத்து முள்ளைச் சரிபார்த்துவிடுங்கள்.

நேரக் கணக்கு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த விதியை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. தேர்ல்மியர் பக்கத்திலிருந்து சுமார் 750 மீட்டர் ஏற வேண்டும். நடையையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். ஆனால் நெய்ஸ்மித்தின் கணக்கில் ரேடியோ கிடையாது. கம்பம் நட, பேச, மடித்து வைக்க ஒன்றரை மணி நேரம் தனியாகப் போட வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். “இன்னும் ஒரே ஒரு அழைப்பு” என்று உட்கார்ந்தவர்கள்தான் இருட்டில் இறங்குகிறார்கள். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவுசெய்து, யாரோடு எப்போது பேசினோம் என்று குறிக்கும் லாக் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இங்கிலாந்தில் 500 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளுக்கு 3 புள்ளி கூடுதல் என்பதும் ஒரு வலைதான். அந்த மூன்று புள்ளிக்காக வானிலை அறிக்கையைக் கண்டுகொள்ளாமல் கிளம்புகிறவர்கள் உண்டு. குளிர்காலத்தில் ஹெல்வெலின் மேலே ஒருவர் நாள்தோறும் ஏறிப் பனியும் காற்றும் எப்படி என்று அறிக்கை தருகிறார். அதைப் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ரேடியோ பக்கத்துத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையிலுள்ள ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம், வழியாகப் பேசியது கணக்கில் வராது. காருக்குள் உட்கார்ந்து பேசியதும், காரிலிருந்து மின்சாரம் எடுத்ததும் வராது. பிரிட்டனில் 145.500 மெகாஹெர்ட்ஸ் அழைப்பதற்கான அலைவரிசை. ஆள் கிடைத்ததும் வேறு அலைவரிசைக்கு நகர வேண்டும், அங்கேயே குடும்பக் கதை பேசக்கூடாது. லாக்கில் நேரம் உலகப் பொது நேரமாக இருக்க வேண்டும். கோடையில் பிரிட்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் பாதிப் பேர் இங்கே சறுக்குவார்கள். கார்பன் ஃபைபர் கம்பம் எடைகுறைவு என்று வாங்காதீர்கள், அது மின்சாரத்தைக் கடத்தி ஆண்டெனாவைக் கெடுக்கும்; ஃபைபர்கிளாஸ் போதும். மூன்று பேரோடு பேசிவிட்டு இறங்கினால் புள்ளி பூஜ்யம். அந்த நாலாவது ஆளுக்காகத்தான் முந்தின நாளே சோட்டா தளத்தில் வருகையை அறிவித்துவைப்பது.

உச்சிக்கல்லிலேயே கம்பத்தைக் கட்டி, வழியின் குறுக்கே கம்பியை இழுப்பது அநாகரிகம். உச்சிக்குக் கீழே 25 மீட்டர் உயர வித்தியாசத்துக்குள் எங்கே இருந்தாலும் விதி ஒத்துக்கொள்கிறது. ஹெல்வெலினில் சிலுவை வடிவில் ஒரு கல்சுவர் இருக்கிறது. காற்றுக்கு ஒதுங்க வருகிறவர்களுக்கானது அது, உங்கள் நிலையத்துக்கானது அல்ல. நீளமான கம்பத்தைப் பையின் மேல் துருத்திக்கொண்டு ஸ்ட்ரைடிங் எட்ஜ் வழியாக ஏறவும் வேண்டாம். அந்தக் கத்திமுனைப் பாதையில் பாறையைக் கட்டிப்பிடித்து இறங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே கம்பம் இடறினால் ஆளையே தள்ளிவிடும்.

இடி கேட்டால் பேச்சை வாக்கியத்தின் நடுவிலேயே விட்டுவிடுங்கள். கம்பத்தைச் சாய்த்து, இறங்குங்கள்.

“கையில் ரேடியோ இருக்கிறதே, ஆபத்தென்றால் கூப்பிடலாம்” என்ற நம்பிக்கை பொல்லாதது. வாரநாள் மாலையில் 145.500இல் யாருமே கேட்காமல் இருக்கலாம். முதலில் 999, போலீஸைக் கேட்டு, மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். பேச சிக்னல் போதாத இடத்திலும் 999க்குக் குறுஞ்செய்தி போகக்கூடும். ஆனால் அதற்கு உங்கள் எண்ணை வீட்டிலிருந்தே பதிவுசெய்திருக்க வேண்டும். இதற்கும் மேல் ஒரு விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. மூன்று ஊதல் திரும்பி வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள்.

இரண்டு நாளும் பெரிய மலையாகப் போட்டுக்கொள்வது இளம்வயது ஆசை. சனிக்கிழமை ஹெல்வெலின் ஏறியவருக்கு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் தனியாகப் பேசும். அன்றைக்கு நான் 335 மீட்டர் லஃப்ரிக் ஃபெல் வைத்துக்கொள்கிறேன். புள்ளி சொற்பம்தான். கைரேடியோ ஒன்று, நீட்டிக்கும் ஆண்டெனா ஒன்று, மதியத்துக்குள் நாலு பேர். பிறகு மறுபக்கம் கிராஸ்மியருக்கு இறங்கினால், தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கடையில் 1854 முதல் விற்கும் இஞ்சி ரொட்டி கிடைக்கும். வரிசை வாசல் தாண்டி நிற்கும்.