இரண்டு அங்குலத் தேக்கை ஸ்க்ரோல் சாவில் செங்குத்தாக அறுக்க

மேலிருந்து பார்த்தால் வெட்டு கோட்டின் மேலேயே போயிருக்கும், கட்டையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) விலகி நிற்கும். வைரம் பாய்ந்த தடித்த மரத்தை ஸ்க்ரோல் சாவில், அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கிற மெஷினில், வைக்கிற எல்லோருக்கும் வருகிற தொல்லை இது. உடனே எல்லோரும் மரத்தை வைத்துத் தள்ளுகிற டேபிளைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது சின்ன வேலை. கோளாறு பெரும்பாலும் பிளேடிலும் தள்ளுகிற கையிலும் இருக்கிறது.

முதலில் டேபிள். அடியில் இருக்கும் டிகிரி அளவை நம்பாதீர்கள். இருபுறமும் இழைத்த தடித்த கழிவுக் கட்டை ஒன்றின் ஓரத்தில் லேசாக ஒரு வெட்டு மட்டும் போட்டு, மெஷினை நிறுத்தி, கட்டையைக் கவிழ்க்காமல் 180 டிகிரி சுற்றி பிளேடுக்குப் பின்னால் கொண்டுபோய், அந்த வெட்டைப் பிளேடின் முதுகில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் உட்கார்ந்தால் டேபிள் பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்கிறது. மேலேயோ கீழேயோ முட்டினால், கண்ணில் படுகிற விலகலில் பாதி அளவுக்கு டேபிளைச் சாய்த்தால் போதும், ஏனென்றால் இந்தச் சோதனை பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டும்.

அப்புறம் பிளேடு. 3, 5 எண் பிளேடெல்லாம் மெல்லிய பலகைக்கு. இந்தத் தடிமனுக்கு 9 அல்லது 12 எண், இடையிடையே ஒரு பல் விட்டு வருகிற ஸ்கிப் டூத் வகை எடுங்கள், இல்லையென்றால் தூள் வெளியேறாமல் மரம் கருகும். நன்றாக இறுக்குங்கள், விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு நூலுக்கு மேல் நகரக் கூடாது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கின பிளேடோடு மல்லுக்கட்டினால் நாம் நம்மையறியாமல் வேகமாகத் தள்ளுவோம், பிளேடு நடுவில் வளைந்து பக்கவாட்டில் ஒதுங்கும், வெட்டு முகம் தொப்பை போட்டுவிடும். தயங்காமல் மாற்றுங்கள். மரத்தின் மேல் பேக்கிங் டேப் ஒட்டி அறுத்தால் கருகுவதும் குறையும்.

இனி கை, இதுதான் முக்கியம். அச்சில் வெட்டித் தயாரிக்கும் சாதாரண பிளேடுகளில் ஒரு பக்கம் பிசிறு இருக்கும், அதனால் வெட்டு அந்தப் பக்கமே இழுக்கும். அதை எதிர்த்துக் கட்டையைப் பக்கவாட்டில் நெருக்கினால் மேலே கோடு சரியாக வரும், கீழே வராது. கழிவுக் கட்டையில் பார்த்து, எந்தச் சாய்வில் வைத்தால் கோட்டோடு போகிறதோ அந்தச் சாய்விலேயே ஊட்டுங்கள், கோடு விலகினால் கட்டையை மெதுவாகத் திருப்புங்கள், நெருக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் நடுவில் ஒரு கணம், கட்டையை டேபிளில் அழுத்தியபடியே, தள்ளுவதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். கட்டை தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் அவ்வளவு நேரமும் பிளேடை வளைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம்.

உள்மூலை வருகிற இடத்தில் 12 எண் பிளேடை நின்ற இடத்திலேயே திருப்ப முடியாது. ஒரு கோட்டில் மூலைவரை போய், மெஷின் ஓடும்போதே அதே வழியில் கொஞ்சம் பின்வாங்கி, கழிவுப் பகுதிக்குள் வளைந்து போய் அடுத்த கோட்டைப் பிடித்து நேரே அறுத்துப் போங்கள். மூலையில் மிஞ்சுகிற துண்டை அப்புறம் எதிர்த்திசையிலிருந்து வந்து எடுத்துவிடலாம். பொருத்து வேலை என்றால் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கமாக, அரை மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்தபடியே உளியால் சீவிக்கொள்ளுங்கள்.