கலாம் பிறந்த ஊரை ஒரே நாளில் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருஞானசம்பந்தர் திருகோணமலைக் கோணேசர் மீதான பதிகத்தை இராமேஸ்வரக் கரையில் நின்றே பாடினார் என்பது மரபு. அதனால் தமிழ்நாட்டுக்கு யாத்திரை போகும் திருகோணமலையார் இராமேஸ்வரத்தை விட்டுவிடுவதில்லை. ஆனால், இந்தியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 1931 ஒக்டோபர் 15 அன்று பிறந்த ஊரும் அதுதான் என்பது பலருக்குத் திரும்பி வரும் வழியில்தான் நினைவுக்கு வருகிறது.

முதல் தவறு மதுரையில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆறுதலாகப் புறப்படுவது. இராமேஸ்வரம் அங்கிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், விடியுமுன் கிளம்பாதவர்களுக்குப் பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.

அடுத்தது, நினைவிடத்தையும் வீட்டையும் ஒன்றென எண்ணிக்கொள்வது. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்த கலாம் அடக்கம் செய்யப்பட்ட இடம் பேய்க்கரும்பு. பாம்பன் பாலத்தைக் கடந்து ஊருக்குள் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே அது இருக்கிறது. 2017இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபமும் அங்கேதான். அவர் வளர்ந்த வீடோ ஊருக்குள், பள்ளிவாசல் தெருவில், கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ளது. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பேய்க்கரும்பைத் தாண்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் இருட்டில் மூடிய வாயிலைத்தான் காண்கிறார்கள். ஆகவே போகும்போதே அங்கு இறங்கிவிட வேண்டும்.

கோயிலில் நேரக் கணக்குத் தவறுவதே எல்லாவற்றிலும் பெரிய பிழை. இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுபவர்கள் ஈரம் களைந்து மாற்றுடை உடுத்திய பின்னரே மூலவரைத் தரிசிக்க முடியும் என்பதால், கூட்டமான நாளில் இதற்கே முற்பகல் முழுவதும் தேவைப்படும். நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். அந்த இடைவேளையைச் சாப்பாட்டுக் கடையில் கழிக்காமல் கலாமின் வீட்டுக்கு ஒதுக்குவது நல்லது. வீடு சிறியதுதான், ஆனால் அவருடைய தந்தை ஜைனுலாப்தீனும் கோயில் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரியும் நெருங்கிய நண்பர்களாக இருந்ததை அறிந்தவர்களுக்கு, பள்ளிவாசல் தெருவுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான அந்தச் சிறு நடையே வேறாகத் தெரியும். என்னைக் கேட்டால், மண்டபத்தை விட இந்தத் தெருவுக்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, தனுஷ்கோடியை அந்திக்கு விட்டுவைக்கக் கூடாது. மாலையானதும் அந்தச் சாலையில் வாகனங்களை விடமாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓடும் இரயிலிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி வீடுவீடாகக் கொடுத்த சிறுவன் கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தப் பாதையே பொருத்தமானது. அந்தக் கரையில் ஓடிய இரயில் 1964 டிசம்பர்ப் புயலோடு நின்றுபோனது. வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே புயல் திருகோணமலையையும் விட்டுவைக்கவில்லை.